நெஞ்சுக்குள் ஏறிய குடல்

என் குடல் என் நெஞ்சுக்குள் ஏறிக் கிடந்தது. கோளாறு அதுதான். வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது. ஒரு பயலுக்கும் தெரியவில்லை.

நீங்கள் இறங்கிப் போய்ச் சாப்பிடுங்கள் தம்பி. பஸ் நிற்கும். டிரைவருக்கு இந்த மோட்டலில் சாப்பாடு இலவசம். அவன் கை கழுவாமல் வண்டியை எடுக்கமாட்டான். எனக்கு வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 'பெரியவரே, ஒரு பரோட்டாவாவது' என்று இழுக்கக் கூடாது. அப்படி வற்புறுத்திச் சாப்பிட வைத்துத்தான் என்னைப் பாதி கொன்றார்கள்.

இறங்கவில்லையா? அப்படியானால் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

நான் இ.பி.யில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவன். பேர் ராக்கப்பன். கம்பத்தில் ஏறினவன் கீழே நிற்கிறவனிடம் அபிப்பிராயம் கேட்கமாட்டான். லைனை ஆஃப் பண்ணினாயா, பண்ணினேன். பேச்சு அவ்வளவுதான். வீட்டிலும் அப்படியே இருந்தேன். ஒரு குறையும் இல்லை. இருந்ததாக யாரும் வாய் திறந்து சொன்னதும் இல்லை.

ரிட்டையர் ஆன பிறகு அட்டாக் வந்தது. அது நிஜ அட்டாக். மறுக்கவில்லை. ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தவர் டாக்டர் நாகசுந்தரம். இருதய டாக்டர். முதல் மாடி. நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. நாடியைப் பிடிக்கும்போது அவர் கைதான் வேர்க்கும். இருதயம் பாதிப் பலத்தில்தான் ஓடுகிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். நடந்துகொண்டேன்.

அப்புறம் பார்த்தால், சாப்பிட்டால் மூச்சு வாங்குகிறது. குனிந்தால் இரைக்கிறது. இடது நெஞ்சில் கடமுடா என்று சத்தம். நாகசுந்தரத்திடம் போனேன். மாத்திரை கூட்டினார். மறுபடி இரைத்தது. மறுபடி கூட்டினார். எக்ஸ்ரேயில் இடது பக்கம் அடியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. பழைய சளியாக இருக்கும் என்றார். எனக்குச் சளியே பிடித்ததில்லை.

ஊரில் இருக்கிறவன் எல்லாம் கேஸ் என்றான். நம் ஊரில் நெஞ்சில் கை வைத்தால் இரண்டே வியாதி. ஒன்று அட்டாக். இல்லாவிட்டால் கேஸ். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எவனும் யோசிப்பதில்லை. பெருங்காயத்தைக் கரைத்துக் குடி என்பான். குடித்தேன். நெஞ்சில் பெருங்காய வாசனையோடு கடமுடா என்றது.

வீட்டில் தவமணி, என் சம்சாரம், அவளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். "படுத்தா உங்க நெஞ்சுல குழாயில தண்ணி வர்ற மாதிரி கேக்குது. டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க." நெஞ்சில் குழாயாம். தூங்கு என்றேன். பொம்பளை பேச்சை டாக்டரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

கடைசியில் நாகசுந்தரத்துக்கே அலுத்துவிட்டது. "ஐயா, நீங்க சொல்ற அளவுக்கு உங்க இதயம் மோசமில்லை. மூணாவது மாடியில வயித்து டாக்டரைப் பாருங்க. கேஸா இருக்கும்" என்றார். படித்தவனும் அங்கேயே வந்து நின்றான் பாருங்கள். என்னைத் தள்ளிவிட்டால் போதும் என்று அனுப்பினார்.

மூன்றாவது மாடி. கதவில் பெரிய போர்டு. டாக்டர் கு. பரமானந்தம். பேருக்குப் பின்னால் பட்டம் ஒரு முழம். அவரைத்தான் பார்க்கப் போனேன். உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு பொண்ணு. என் மகளை விடச் சின்னது. காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ.

"பெரிய டாக்டர் இல்லையா?"

"தியேட்டர்ல இருக்கார். நான் பார்க்கறேன், உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய. ஸ்டெதஸ்கோப்பை இடது முதுகில் வைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தது. "ஒரு மடக்கு குடிங்க. ம். இன்னொரு மடக்கு." குடித்தேன். சிரித்தது. வியாதிக்காரன் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிக்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன சிரிப்பு?"

"உங்க வயிறு இங்கே நின்னு பேசுது ஐயா."

கூட வந்திருந்த தவமணிக்கு உடனே வாய் வந்துவிட்டது. "நான் சொல்லல? நான் சொல்லல?" அந்தப் பொண்ணும் அவளும் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நோயாளி நான். என்னை யார் கேட்டார்கள்?

ஸ்கேன் எடுத்தார்கள். அதை அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரில் காட்டியது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சதையால் ஒரு தடுப்பு இருக்கிறதாம், உதரவிதானம் என்று பேர். மேலே நுரையீரல், இருதயம். கீழே குடல், இரைப்பை. எனக்கு அந்தத் தடுப்பில் இடது பக்கம் பின்னால் ஓட்டை. தாய் வயிற்றில் இருக்கும்போதே மூடியிருக்க வேண்டியது, மூடவில்லை. வயசாக ஆக, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருங்குடல் அதன் வழியாக மேலே போய்விட்டது. இரைப்பையிலும் ஒரு மூலை.

"இது ஒரு வகைக் குடலிறக்கம் ஐயா."

"எங்கே இறங்கியிருக்கிறது? ஏறியல்லவா இருக்கிறது" என்றேன்.

"கரெக்டுதான்" என்றது. மறுபடி சிரிப்பு.

குடலை இழுத்து விட்டு ஓட்டையைத் தைக்க வேண்டுமாம். அதுவரை அரை வயிறு சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. விருந்துக்குப் போகவே கூடாது. "போனாலும் இலையில உட்காராதீங்க ஐயா." எனக்குச் சாப்பாடு சொல்லிக் கொடுக்கிறது! இதில், இருதயம் தாங்கும் என்று இருதய டாக்டர் ஃபிட்னஸ் எழுதித் தர வேண்டும், தந்தால்தான் கத்தியை எடுக்க முடியும் என்றது.

முதல் மாடிக்கு இறங்கினேன். நாகசுந்தரம் ஸ்கேனைப் பார்த்து முகம் வெளுத்துப் போனார். தான் பார்க்காமல் விட்டது கண்ணில் பட்டுவிட்டதே. அதை ஒத்துக்கொள்வாரா? "இந்த இதயத்தை வச்சுக்கிட்டு ஆபரேஷனா? மயக்க மருந்து கொடுத்தா பிரஷர் விழும். ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரையை நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கும். நிறுத்தலைன்னா வெட்டின இடத்துல ரத்தம் நிக்காது. நான் ஃபிட்னஸ் தரமாட்டேன்னு மேல சொல்லிருங்க."

மேலே போய்ச் சொன்னேன். "விட்டா ஒரு நாள் குடல் உள்ளேயே முறுக்கிக்கும். அப்போ அலறியடிச்சுப் பண்ணணும். இப்பன்னா மாத்திரையைப் பார்த்து மாத்தி, நிதானமா பண்ணலாம்னு சார்கிட்ட சொல்லுங்க" என்றது அந்தப் பொண்ணு.

கீழே வந்து சொன்னேன். "இதயம் நின்னா அவங்க வந்து ஓட்டுவாங்களான்னு கேளுங்க" என்றார்.

ஒரே ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு மாடி. இரண்டு பேர் மேஜையிலும் போன் இருக்கிறது. ஒருத்தருக்கொருத்தர் பேசமாட்டார்கள். நோயாளியைத்தான் பேச அனுப்புவார்கள். லிஃப்ட்காரன் என்னைப் பார்த்தாலே, "மேலயா, கீழயா?" என்று சிரிப்பான். எங்கள் ஆபீசில் இப்படி ஒருத்தன் செய்திருந்தால் சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன். ஒரு நாள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். குடல் பாட்டுக்கு நெஞ்சில் இருக்கட்டும், நான் பாட்டுக்கு வீட்டில் இருக்கிறேன் என்று.

நான் வரவில்லை என்றதும் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணியது. தவமணியிடம்தான் பேசும். என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார். வேலையற்ற வேலை. நான் போனை வாங்கவே மாட்டேன்.

அப்போதுதான் சடையாண்டி வீட்டுக் காதுகுத்து வந்தது. சடையாண்டி என் மச்சினன். தவமணிக்குத் தம்பி. குலசாமி கோவிலில் கிடா வெட்டு. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிடாவின் தலைக்கறி மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் போகும். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். இளைய மாப்பிள்ளை தங்கமாயன், என் சகலை. பஞ்சாயத்து ஆபீசில் பியூனாக இருந்தவன். பேச்சைப் பார்த்தால் கலெக்டர்.

பந்தி போட்டார்கள். சடையாண்டி வந்து நின்றான். "அத்தான், டாக்டரம்மா இலையில உட்காரக் கூடாதுன்னுச்சாம்ல? அக்கா சொல்லுச்சு. நீங்க இப்படி நாற்காலியில உட்காருங்க, கஞ்சி கொண்டாரச் சொல்றேன். தலைக்கறியை மாயன் அத்தானுக்கு வச்சிரலாம்."

யோசித்துப் பாருங்கள் தம்பி. சொந்த மச்சினன். நாலு பேர் முன்னால்.

"இலையைப் போடுடா" என்றேன்.

தங்கமாயன் பக்கத்து இலையில் இருந்து, "போடப்பா, போடு. மனுஷன் ஆசைப்படுறார்" என்றான்.

ஆசையாம். சாப்பாட்டில் ஆசை வைக்கிற ஆளா நான்? உரிமை என்று ஒன்று இருக்கிறது. அதைச் சாப்பிட்டுத்தான் காட்ட வேண்டும். சாப்பிட்டேன். தலைக்கறி. குடல் கறி. ரத்தப் பொரியல். இரண்டாம் தடவை சோறு நான் கேட்கவில்லை. இலையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பரிமாறுகிறவன் வைத்துவிட்டான். வைத்தால் எழுந்து ஓடவா முடியும்? இதைத்தான் வற்புறுத்தல் என்கிறேன்.

கை கழுவப் போன இடத்தில் பிடித்தது வலி. நெஞ்சுக்குள் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி. மூச்சு பாதியில் நின்றது. அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவ்வளவுதான். பந்தியில் இருந்தவன் எல்லாம் டாக்டர். ஒருத்தன் அட்டாக் என்கிறான். தங்கமாயன் கேஸ் என்கிறான், சோடாவை உடைத்து வாயில் ஊற்றுகிறான். ஒருத்தன் படுக்க வை என்கிறான், ஒருத்தன் உட்கார வை என்கிறான். ஒரு பயல், "நல்லா இருமுங்க சித்தப்பா, இருமினா அட்டாக் நின்னுரும், வாட்ஸ்அப்புல வந்துச்சு" என்கிறான். மூச்சே வரவில்லை, இதில் இரும வேண்டுமாம். எவனோ தன் சட்டைப் பையில் இருந்த மாத்திரையை எடுத்து என் நாக்குக்கு அடியில் திணித்தான். யார் மாத்திரை, என்ன மாத்திரை, ஒன்றும் தெரியாது. அது வேலை செய்தது. பிரஷர் விழுந்து கண் இருட்டிவிட்டது.

காரில் போட்டார்கள். தவமணி கத்துகிறாள், "மூணாவது மாடிக்குக் கொண்டு போங்க, மூணாவது மாடிக்கு!" எவன் கேட்டான்? ஸ்டென்ட் வைத்தவன் நெஞ்சைப் பிடித்தால் எந்த மாடி என்று ஆம்பளைகளுக்குத் தெரியாதா? முதல் மாடியில் இறக்கினார்கள்.

நாகசுந்தரம் இ.சி.ஜி. பார்த்தார். எக்கோ பார்த்தார். "இதயம் பழைய மாதிரியேதான் இருக்கு" என்றார். படம் எடுத்தார்கள். இடது நெஞ்சு முழுக்கக் குடல் ஊதிக் கிடக்கிறது. இருதயத்தை வலது பக்கம் தள்ளிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். இத்தனை மாதம் தொடாத போன். நான் சாகக் கிடக்கும்போதுதான் அவர் விரலுக்கு அந்த எண் தெரிந்தது.

அந்தப் பொண்ணு லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை போல. படியில் ஷூ சத்தம் கேட்டது. வந்ததும் என் மூக்கில் குழாயைச் சொருகியது. வயிற்றைத் தொட்டது. திரும்பிப் பார்த்து, "முறுக்கிக்கிச்சு சார். இப்பவே திறக்கணும்" என்றது.

நாகசுந்தரம் சொன்னார். "மாத்திரை உடம்புல ஓடிக்கிட்டிருக்கும்மா. ரத்தம் நிக்காது. பிரஷர் வேற இல்ல. என்னைக் கேட்டா இப்பவும் ஃபிட்னஸ் தரமாட்டேன்."

"ஃபிட்னஸ் கேக்கலை சார். பக்கத்துல வந்து நிக்க முடியுமான்னு கேக்கறேன்."

எனக்கு உயிர் போகிறது. அந்த நிலையிலும் நினைத்தேன், வயசில் மூத்தவரிடம் என்ன பேச்சு இது என்று. நாகசுந்தரம் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

அந்தப் பொண்ணு என் பக்கம் குனிந்தது. "ஐயா, பண்ணலைன்னா பிழைக்கமாட்டீங்க. பண்ணினா பிழைக்கலாம். டேபிள்லயே போனாலும் போயிரலாம். மறைக்கலை. சம்மதமா?"

"பெரிய டாக்டர் வரட்டும்" என்றேன்.

"சம்மதமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

என்னிடமே அதட்டல். தவமணி என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினேன். தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸிடம் மறுபடி கேட்டேன், பெரிய டாக்டர் எங்கே என்று. "எல்லாரும் இருக்காங்க தாத்தா, கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன்.

முழித்தபோது வாயில் குழாய், விலாவில் குழாய், கையில் குழாய். இ.பி.யில் கூட இத்தனை லைன் ஒரே கம்பத்தில் இழுக்கமாட்டோம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். இடது விலாவுக்குக் கீழே ஒரு முழத்துக்குத் தையல். குடலைக் கீழே இழுத்திருக்கிறார்கள். கறுத்துப் போயிருந்ததாம். முறுக்கை எடுத்து, வெந்நீர்த் துணியைப் போட்டு மூடி, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்தார்களாம். திரும்பியது. நாலு விரல் நுழைகிற ஓட்டையாம், தைத்தாயிற்று. நடுவில் இருதயம் இரண்டு தடவை மக்கர் பண்ணியிருக்கிறது. நாகசுந்தரம் தலைமாட்டிலேயே நின்று ஓட்டியிருக்கிறார். நின்றாரே, அதுவரை சரி.

வார்டுக்குப் பரமானந்தம் வந்தார். பின்னால் ஒரு படை. தையலைப் பார்த்தார். "அருமையா வந்திருக்கு" என்றார். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறாரே என்று நினைத்தேன். இருந்தாலும் பெரிய கை. கும்பிட்டேன். படையின் கடைசியில் அந்தப் பொண்ணு நின்றது. கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகம்.

தவமணி சொன்னாள், "அந்தப் பொண்ணுதாங்க தியேட்டரை விட்டு வெளியே வந்து, பொழைச்சிட்டாருன்னு எங்கிட்ட சொல்லுச்சு."

"சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார்" என்றேன்.

"இல்லைங்க, அது கையில..."

"சும்மா இரு" என்றேன்.

நடக்க ஆரம்பித்ததும் முறையைச் செய்ய வேண்டுமல்லவா? பழத்தட்டு, மாலை, பொன்னாடை. சடையாண்டியைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். பரமானந்தத்தை எழுந்து நிற்கச் சொல்லி, மாலை போட்டு, பொன்னாடையைப் போர்த்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பொண்ணும் தட்டியது. சடையாண்டி நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்து, அங்கேயே நின்று சொந்தக்காரன் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். 'அத்தானைக் காப்பாற்றிய தெய்வம்' என்று கீழே எழுதி.

பரமானந்தம் உட்கார்ந்து, என் கேஸ் கட்டைப் புரட்டினார். "எந்த ஆபரேஷன் இது?"

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் பண்ணினதுதான்."

"நானா? அன்னைக்கு என் மக கல்யாணம். நான் மண்டபத்துல நின்னேன். இவங்க பண்ணினது" என்று கையைக் காட்டிச் சிரித்தார். பொன்னாடை தோளிலேயே இருக்கிறது. கழற்றவில்லை. அதோடேயே ரவுண்ட்ஸ் போனார். மனுஷனா அவர்? போர்த்துவதற்கு முன்னால் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டாமா? போர்த்தினதைப் பிடுங்கவா முடியும்?

அந்தப் பொண்ணு, "சாப்பாடு எப்படி ஐயா?" என்றது. "பரவாயில்லை" என்றேன். வந்துவிட்டேன்.

வீட்டில் தவமணி அந்தப் படத்தைப் பார்த்தாள். ஓரத்தில் பாதி முகமும் தட்டுகிற ஒரு கையும் தெரிகிறது. "இந்தக் கைதான், ரத்தக்கறையோட வெளியே வந்து என் கையைப் பிடிச்சுச்சு. சொல்ல விட்டீங்களா?" என்றாள். சொல்லியிருக்கலாமே. சும்மா இரு என்றால் சும்மா இருந்துவிடுவதா?

அப்புறம் அந்தப் பொண்ணு அந்த வேலையை விட்டுத் திருச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பரமானந்தம் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். நான் போகமாட்டேன். தைத்தவனுக்குத்தான் தையல் தெரியும். அதனால் இந்தப் பஸ், இந்த இடுப்பு வலி. இன்றைக்கும் காட்டத்தான் போகிறேன். அரை வயிறுதான் சாப்பிட வேண்டும் என்பதில்லை இப்போது. ஆனால் மோட்டல் பரோட்டா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆள் நான்.

முதல் தடவை போனபோது கவுண்டரில் ஒருத்தி. "எந்த டாக்டரைப் பார்க்கணும்?"

"அந்தப் பொண்ணு. புதுசா வந்திருக்கே."

"இங்கே எத்தனையோ பொண்ணு இருக்காங்க தாத்தா. பேரைச் சொல்லுங்க."

பேர். எத்தனை தடவை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கோட்டில் பேரைக் குத்தியிருந்தது. நான் படித்ததில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. "சீக்கிரம் பெரியவரே" என்கிறான் ஒருத்தன். ஓரமாக வந்து தவமணிக்குப் போன் போட்டேன்.

"ஆபரேஷன் பண்ணுச்சே, அது பேர் என்ன?"

அந்தப் பக்கம் புஸ்ஸென்று என்னவோ சத்தம். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. சிரிக்கிறாள். வெகுநேரம் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"நீங்க கேக்கவே இல்லையா?" என்றாள். சொன்னாள்.

திரும்பிக் கவுண்டருக்குப் போனேன். வரிசையில் நின்றவன் முறைத்தான். முறைக்கட்டும். சன்னலில் கையை ஊன்றி, அந்த ஹாலில் இருந்தவன் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

டாக்டர் வான்மதி.